ஸ்மோக்கி மலையின் பட்டா யார் பேரில்?

கேள்வி இது: "1838இல் செரோக்கி மக்கள் அத்தனை பேரையும் ராணுவத்தை விட்டு ஓக்லஹோமாவுக்குத் துரத்திவிட்டார்கள் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் இந்தக் கோடையில் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போனபோது, தெற்கு வாசலிலேயே செரோக்கி என்று ஓர் ஊர் இருந்தது. தெருப் பலகைகளில் அவர்களுடைய எழுத்து, பெரிய கசினோ, தனிப் போலீஸ். இவர்கள் திரும்பி வந்தவர்களா? இது அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்த இடமா?"

இரண்டுமே இல்லை. இவர்கள் திரும்பி வந்தவர்கள் அல்லர், பெரும்பாலும் போகாமலே இருந்துவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அந்த நிலத்தையும் யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. சொந்தக் காசு கொடுத்துக் கிரயம் வாங்கினார்கள். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தக் கதையின் ருசியே இருக்கிறது. நான் வட கரோலினாவின் ஷார்லட் நகரத்துக்காரன். மூன்று மணி நேரக் கார் தூரம்தான் என்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அந்தப் பக்கம் போய்விடுவேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செரோக்கிகள் அமெரிக்காவின் தென்கிழக்கு மலைப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட பழங்குடிகள். இன்று அமெரிக்க அரசு அங்கீகரித்த செரோக்கி அமைப்புகள் மூன்று. ஓக்லஹோமாவில் இருக்கும் செரோக்கி நேஷன்தான் பெரியது, நான்கரை லட்சம் பேருக்கு மேல். அதே ஊர்ப் பக்கம் கீட்டூவா குழு என்று சிறியதாக இன்னொன்று. வட கரோலினா மலையில் நீங்கள் பார்த்தது மூன்றாவது, கிழக்குச் செரோக்கிக் குழு. உறுப்பினர்கள் சுமார் 16,000 பேர். நிலம் ஏறக்குறைய 56,000 ஏக்கர். அதற்குப் பெயர் குவாலா எல்லை. 'ரிசர்வேஷன்' என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள், சாலைப் பலகையில்கூடப் பார்க்கலாம். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் அந்தச் சொல்லைத் திருத்துவார்கள். ரிசர்வேஷன் என்றால் அரசு தன் கையில் இருப்பதிலிருந்து ஒதுக்கி வைத்தது. இது அப்படிப்பட்டதில்லை.

செரோக்கிகள் தங்கள் தாய் ஊராகச் சொல்வது கிடூவா. டக்கசீஜி ஆற்றங்கரையில் இருந்தது. தங்களையே 'கிடூவா மக்கள்' என்றும் அழைத்துக்கொள்வார்கள். மலை என்றதும் உச்சியில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஊர்கள் எல்லாம் ஆற்றோரச் சமவெளியில்தான். நடுவில் ஒரு மண்மேடு, அதன்மேல் ஊர்கூடி மண்டபம், சுற்றி வீடுகள், அப்பால் சோளமும் பீன்ஸும் பூசணியும். உயரமான காடு வேட்டைக்கும் மூலிகைக்கும். 1761இல் பிரிட்டிஷ் படை வந்து இந்த ஊர்களைக் கொளுத்தியது. 1776இல் பிரிட்டனை எதிர்த்துக் கிளம்பிய அமெரிக்கக் குடிப்படை ரதர்ஃபோர்டின் தலைமையில் வந்து மறுபடியும் கொளுத்தியது. அதன் பிறகு ஒப்பந்தம் மேல் ஒப்பந்தம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நிலம் போயிற்று.

அந்த ஒப்பந்தங்களில் 1819இல் போட்டதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'போகாதவர்கள்' கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதன்படி செரோக்கி தேசம் ஸ்மோக்கி மலையின் இந்தப் பக்கத்தை விட்டுக்கொடுத்தது. ஆனால் விட்டுக்கொடுத்த பகுதியிலேயே தங்கிவிட விரும்பும் குடும்பத் தலைவர்கள் 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல், தங்கள் பேரில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் குடிமக்களாக இருந்துகொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. பலர் அப்படி மனுப் போட்டார்கள். வட கரோலினா மாநிலமோ அந்த நிலங்களையும் சேர்த்து ஏலம் போட்டு வெள்ளையர்களுக்கு விற்றுவிட்டது. யூச்செல்லா என்ற செரோக்கிக்காரர் வழக்குப் போட்டார். 1824இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு கிடைத்ததே தவிர நிலம் தங்கவில்லை. பலரும் மாநிலம் கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு நகர வேண்டியிருந்தது. யூச்செல்லா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

அப்படித் தேசத்தின் எல்லைக்கு வெளியே, ஓகோனாலஃப்டி ஆற்றங்கரையில் தங்கிவிட்டவர்கள் சுமார் 60 குடும்பங்கள். அவர்களுக்குத் தலைவர் யோனகுஸ்கா. சட்டப்படி இவர்கள் இனி செரோக்கி தேசத்தின் குடிகள் இல்லை. அன்றைக்கு இது ஒரு சின்னக் காகித வித்தியாசம். இருபது வருஷத்தில் அதுவே உயிர்போகும் வித்தியாசம் ஆயிற்று.

துரத்தல் கதையை நீங்கள் படித்திருப்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1828-29இல் ஜார்ஜியாவின் டலோனகா பக்கம் தங்கம் கிடைத்தது. 1830இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், பழங்குடிகளை மேற்கே அனுப்பும் அகற்றல் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1832இல் உச்ச நீதிமன்றம், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1835 டிசம்பர் 29 அன்று நியூ எக்கோட்டாவில் ஒரு சிறு குழு, தலைவர் ஜான் ராஸின் சம்மதம் இல்லாமலே, கிழக்கே இருந்த நிலம் முழுவதையும் 50 லட்சம் டாலருக்கு எழுதிக் கொடுத்தது. எதிர்த்து 15,000 பேருக்கு மேல் பெயர் போட்டு மனு அனுப்பினார்கள். செனட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு அதிகம் விழுந்து ஒப்பந்தம் நிறைவேறிற்று. கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று முக்கியமானவர்களை 1839இல் ஒரே நாளில் சொந்த ஜனங்களே கொன்றார்கள்.

1838 மே மாதம் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் கீழ் சுமார் 7,000 சிப்பாய்கள் இறங்கினார்கள். வட கரோலினா மலைகளில் மர்ஃபி, ராபின்ஸ்வில், ஹேஸ்வில் போன்ற இடங்களில் கோட்டை கட்டி, அதைச் சுற்றி மரக்கட்டை வேலி போட்டு, வீடுவீடாகப் போய் ஆட்களைப் பிடித்து அடைத்தார்கள். 1835ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மொத்தச் செரோக்கிகள் 16,542 பேர், அதில் வட கரோலினாவில் 3,644 பேர். பயணத்திலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எல்லாம் முடிந்தபோது இந்த மலைகளில் மிஞ்சியிருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். அதில் ஒரு பகுதி யோனகுஸ்காவின் ஆட்கள், மற்றவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள்.

செரோக்கி ஊரில் 1950 முதல் கோடைதோறும் ஒரு திறந்தவெளி நாடகம் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லாம் என்னிடம் சாலியின் கதையைச் சொல்வார்கள்: மனைவியைச் சிப்பாய் துன்புறுத்தியதைப் பொறுக்காமல் சண்டை போட்டுக் காட்டுக்கு ஓடிய கிழவர், தான் சரணடைந்தால் மற்றவர்களை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்ததும் தானே வந்து துப்பாக்கிக்கு மார்பைக் காட்டினார் என்று. கேட்டால் தொண்டை அடைக்கும். ஆனால் ராணுவக் கடிதங்களில் இருக்கும் கதை அதைவிடச் சிக்கலானது. எனக்கு அதுதான் உண்மையிலேயே வலிக்கிறது.

1838 நவம்பர் தொடக்கத்தில் சாலியின் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போகையில் இரண்டு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களைப் பிடிக்கக் கர்னல் ஃபாஸ்டர் தன் படையோடு வந்தார். ஆனால் அந்த மலைச் சரிவுகளில் ஒளிந்தவனைச் சிப்பாய் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். தேடிக் கொடுத்தவர்கள் செரோக்கிகளே. காகித உரிமை வைத்திருந்த ஓகோனாலஃப்டிக்காரர்கள், 'நாங்கள் வேறு, அவர்கள் வேறு' என்று காட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தார்கள். படைக்கு உதவினார்கள். ஒளிந்திருந்த கூட்டம் ஒன்றுக்குத் தலைவரோ, வழக்கில் ஜெயித்தும் நிலத்தை இழந்த அதே யூச்செல்லா. அவருடைய ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். சாலியின் குடும்பத்து ஆண்களைப் பிடித்துச் சுட்டவர்கள் அவர்கள்தான். சாலியை நவம்பர் 25 அன்று சுட்டார்கள். அதற்குள் ஃபாஸ்டர் 'வேலை முடிந்தது' என்று எழுதிவிட்டுக் கிளம்பியிருந்தார். யூச்செல்லாவின் கூட்டம் மலையிலேயே இருக்கலாம் என்றும் அவர் பரிந்துரைத்தார். தியாகியின் கதையைத்தான் மேடையில் போட முடியும். தன் ஆட்களைக் காப்பாற்றத் தன் இனத்தானைச் சுட்டவனின் கதையை எப்படிப் போடுவது? யூச்செல்லாவைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நிலத்துக்கு வருவோம். நம் ஊரில் ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் சொத்து வாங்குவதற்குப் பினாமி என்று பெயர், பெரும்பாலும் திருட்டு வேலை. இங்கே ஒரு இனமே பினாமி வைத்துத்தான் பிழைத்தது. அந்தப் பினாமியின் பெயர் வில்லியம் ஹாலண்ட் தாமஸ். 1805இல் பிறந்தவர், தகப்பனில்லாப் பிள்ளை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் செரோக்கிகளோடு வியாபாரம் செய்யும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடை முதலாளி திவாலாகி, சம்பளத்துக்குப் பதிலாகப் பழைய சட்டப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். பையன் அதைப் படித்தே வக்கீலானான். செரோக்கி மொழி சரளம். யோனகுஸ்கா அவரைத் தத்துப் பிள்ளையாக ஏற்று 'வில் உஸ்தி', அதாவது குட்டி வில், என்று பெயர் வைத்தார். 1839இல் யோனகுஸ்கா இறந்த பிறகு இந்த வெள்ளைக்காரரே அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஆகிவிட்டார்.

மாநிலம் அன்று செரோக்கிகளைக் குடிமக்களாக முழுதாக ஏற்கவில்லை, அவர்கள் பேரில் பத்திரம் பதிவு செய்வது நிற்காது. ஆகவே அவர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்திலும் தன் கைப்பணத்திலும் கடனிலுமாகத் தாமஸ் தன் பெயரில் துண்டு துண்டாக நிலம் வாங்கிக்கொண்டே போனார். நடுவில் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து இன்னொரு காரியமும் செய்தார். நியூ எக்கோட்டா ஒப்பந்தப்படி, மேற்கே போகும் ஒவ்வொருவருக்கும் வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு என்று ஆளுக்கு 53.33 டாலர் அரசு கொடுக்க வேண்டும். போகாதவர்களுக்கு அது சேராதா என்று கேட்டார். 1848இல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. மலையில் இருந்தவர்களைக் கணக்கெடுத்ததில் 1,517 பெயர்கள். முதலைக் கஜானாவில் வைத்து வட்டியை மட்டும் கொடுப்பது என்று ஏற்பாடு, அசல் அவர்கள் மேற்கே கிளம்பும் அன்றைக்குத்தான். அவர்கள் கிளம்பவே இல்லை.

உள்நாட்டுப் போர் வந்தது. தாமஸ் தென்மாநிலங்கள் பக்கம் நின்று செரோக்கிப் படை ஒன்றும் திரட்டினார். போர் முடிந்தபோது பெரியம்மை வந்து குவாலாவில் நூறு பேருக்கு மேல் போனார்கள். தாமஸுக்குத் தலைக்கு மேல் கடன், கூடவே புத்தி பேதலித்து மனநல விடுதிக்கும் வீட்டுக்குமாக அலைய ஆரம்பித்தார். கடன்காரர் ஜான்ஸ்டன் என்பவர் ஷெரிஃப் ஏலத்தில் தாமஸின் நிலங்களை எடுத்தார். பத்திரத்தில் தாமஸ் பெயர்தானே இருக்கிறது! முப்பது வருஷமாக உழுது குடியிருந்த ஜனங்களின் நிலம் மொத்தமும் ஒரே நாளில் வில்லங்கச் சொத்தாயிற்று.

இங்கேதான் வாஷிங்டன் முதன்முறையாக இவர்களுக்குச் சாதகமாக உள்ளே வருகிறது. 1866இல் வட கரோலினா, இவர்கள் இங்கேயே இருக்கலாம் என்று சட்டம் போட்டிருந்தது. 1868இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களைத் தனிக் குழுவாக ஏற்று, அமெரிக்கப் பழங்குடிகளைக் கவனிக்கும் இந்தியர் துறையின் பொறுப்பில் வைத்தது. அதனால் இவர்கள் சார்பில் வழக்குப் போட ஓர் ஆள் கிடைத்தான். 1874இல் நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: குவாலா எல்லைக்குள் இருக்கும் 50,000 ஏக்கரும் செரோக்கிகள் தாமஸிடம் கொடுத்த பணத்தில் வாங்கியது, அது அவர்களுக்கே சொந்தம், கிரயத்தில் பாக்கி மட்டும் கட்ட வேண்டும். கழிப்பதையெல்லாம் கழித்துப் பார்த்தால் பாக்கி ஏழாயிரத்துச் சொச்சம் டாலர். அதை எதிலிருந்து கட்டினார்கள் தெரியுமா? அந்த 53.33 டாலர் நிதியிலிருந்து. ஊரைவிட்டுக் கிளப்புவதற்கென்று ஒதுக்கி வைத்த வழிச்செலவுப் பணம், ஊரின் பத்திரத்தை மீட்பதற்குப் போயிற்று. இதை நான் முதன்முதலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

உள்ளே வந்த வாஷிங்டன் அப்புறம் வெளியே போகவில்லை. 1924இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் நோக்கம், உறுப்பினர் பட்டியலைக் கடைசி முறையாக எழுதி, நிலத்தை ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக் கொடுத்து, குழுவையே கலைத்துவிடுவது. அதற்காக மறு வருஷம் நிலம் முழுவதும் மத்திய அரசின் பொறுப்புக்கு மாறியது. பட்டியல் எழுதினார்கள், 3,146 பெயர்கள். யார் அசல், யார் போலி என்று தகராறு வந்து பங்கு பிரிப்பு இழுத்துக்கொண்டே போனது. 1934இல் நாட்டின் கொள்கையே மாறி, பிரிக்கும் யோசனை கைவிடப்பட்டது. தற்காலிகமாகக் கொடுத்த பொறுப்பு நூறு வருஷமாக அப்படியே நிற்கிறது.

இதனால் இன்றைக்கு என்ன என்றால், குவாலாவில் ஒரு குடும்பத்துக்கு வீடும் தோட்டமும் இருந்தாலும் நம் அர்த்தத்தில் பட்டா கிடையாது. அனுபவ பாத்தியதைதான். பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், இன்னொரு உறுப்பினருக்கு விற்கலாம். வெளியாள் எவ்வளவு கோடி கொட்டினாலும் வாங்க முடியாது. அடமானம் வைத்துச் சாதாரண வங்கியில் கடன் வாங்குவதும் கஷ்டம். பூங்காவின் அந்தப் பக்கம் டென்னசியில் இருக்கும் கேட்லின்பர்க் ஊரைப் பாருங்கள், மலைச்சரிவெல்லாம் வாடகை மரவீடு. இந்தப் பக்கம் அப்படி ஆகாததற்குக் காரணம் இந்தப் பூட்டுத்தான். பூட்டு உள்ளே இருப்பவனையும் சேர்த்துத்தான் பூட்டும் என்று அங்கே இளைஞர்கள் முணுமுணுப்பதும் நியாயமே.

1924இல் பழங்குடிகளுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்த பிறகும், முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களைக்கூட உள்ளூர் அதிகாரிகள் வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

பள்ளிக்கூடக் கதை இன்னும் கசப்பு. 1880 வாக்கில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியை 1892இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. விடுதிப் பள்ளி. செரோக்கி பேசினால் அடி, சோப்பால் வாய் கழுவல். 1954இல் விடுதியை மூடும்வரை இரண்டு தலைமுறை, தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசாமலிருப்பதே அவர்களுக்குச் செய்யும் உதவி என்று முடிவு செய்துவிட்டது. 1821இல் சிக்வோயா என்ற, ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவர், தன்னந்தனியாக 85 எழுத்துகள் கொண்ட வரிவடிவத்தை உருவாக்கிய மொழி அது. நம் உயிர்மெய் போல ஓர் எழுத்துக்கு ஓர் அசை. நீங்கள் தெருப் பலகையில் பார்த்தது அதுதான். 2019இல் மூன்று செரோக்கி அமைப்புகளும் சேர்ந்து மொழிக்கு அவசரநிலை அறிவித்தன. கிழக்குக் குழு 2004இலிருந்து கிடூவா பெயரிலேயே ஒரு மழலையர் பள்ளியில் தொடங்கி, குழந்தைகளுக்கு எல்லாப் பாடமும் செரோக்கியில் சொல்லிக்கொடுக்கிறது. பள்ளியின் வாசலுக்குள் ஆங்கிலம் பேசக் கூடாது என்பது விதி. பழைய விதியைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள்.

இனிப் பூங்கா. 1934இல் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா உருவானது. ராக்ஃபெல்லர் குடும்ப நிதி 50 லட்சம் டாலர், இரு மாநிலங்களின் பணம், பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த சில்லறை எல்லாம் சேர்த்து மரக் கம்பெனிகளிடமிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு நில உடைமையாளர்களிடமிருந்தும் வாங்கினார்கள். இன்று 5,20,000 ஏக்கருக்கு மேல். நாட்டிலேயே அதிகம் பேர் வரும் தேசியப் பூங்கா, 2023இல் 1.33 கோடி வருகைகள். பூங்காவின் கதைசொல்லலில் வெகுகாலம் வெள்ளைக் குடியேறிகளின் மரவீடுகளுக்குக் கிடைத்த இடம் செரோக்கிகளுக்குக் கிடைக்கவில்லை. செரோக்கி ஊரோ பூங்காவின் வாசலில் கடைத்தெருவாக மாறியது. சாலையோரம் கூம்புக் கூடாரம் போட்டு, தலையிலிருந்து இடுப்புவரை தொங்கும் இறகுக் கிரீடம் வைத்து, டூரிஸ்டுகளோடு படம் எடுத்துக்கொள்ளும் 'தலைவர்கள்' உண்டாயினர். செரோக்கிகள் என்றைக்கும் கூம்புக் கூடாரத்தில் வாழ்ந்ததில்லை, அந்தக் கிரீடமும் அவர்களுடையது இல்லை. இரண்டும் ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள சமவெளிக்காரர்களுடையவை. ஆனால் சினிமா பார்த்துவிட்டு வந்த ஜனங்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஒரு கோடையில் அப்படிச் சம்பாதித்துப் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

அதே வருஷங்களில் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே வந்தது. 469 மைல் நீளத்துக்கு மலைமுகட்டிலேயே ஓடும் உல்லாசச் சாலை. அதன் கடைசித் துண்டை ஸோகோ பள்ளத்தாக்கு வழியாக இறக்குவதாகத் திட்டம், இரண்டு பக்கமும் அகலமாக நிலம் எடுத்துக்கொண்டு. குவாலாவில் தட்டையான, உழக்கூடிய நிலமே கொஞ்சம், அதில் நல்லதெல்லாம் ஸோகோவில்தான். சாலையோரம் கடை வைக்கவும் பார்க்வே விதி விடாது. குழுவே இரண்டாகப் பிளந்து சண்டை போட்டது. தலைவர் ஜாரெட் ப்ளைத் அரசோடு பேசி முடிக்கலாம் என்றார், துணைத்தலைவர் ஃப்ரெட் பாவர் ஒரு அடி தரமாட்டோம் என்றார். வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் வாஷிங்டன்தான் இறங்கி வந்தது. பார்க்வே முகட்டோடு போயிற்று. பள்ளத்தாக்கில் மாநிலம் ஒரு சாதாரண நெடுஞ்சாலை போட்டது, அதன் ஓரத்தில் செரோக்கிகள் கடை வைத்துக்கொண்டார்கள். நீங்கள் மேகி வேலியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கியிருந்தால் அந்தச் சாலையில்தான் வந்திருப்பீர்கள்.

அணைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையில் மத்திய அரசின் கதை முடியாது. போர்க்காலத்தில், அலுமினிய ஆலைகளுக்கும் பிற போர் உற்பத்திக்கும் மின்சாரம் வேண்டி டி.வி.ஏ. என்ற அரசு நிறுவனம் 1942 முதல் 1944 வரை இரவும் பகலுமாக ஃபொண்டானா அணையைக் கட்டியது. 480 அடி உயரம். இதில் வெளியேற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார மலைவாசிகள். மூழ்கிய சாலைக்குப் பதில் புதுச் சாலை போட்டுத் தருகிறோம் என்று 1943இல் எழுதிக் கொடுத்தார்கள். ஏழு மைல் போல் போட்டு, 1,200 அடி நீளச் சுரங்கம் ஒன்றைக் குடைந்ததோடு நின்றுவிட்டது. ப்ரைசன் சிட்டியில் கேட்டால் 'எங்கும் போகாத சாலை' என்று வழி காட்டுவார்கள். கடைசியில் 2010இல் சாலைக்குப் பதில் 5.2 கோடி டாலர் தருவதாக முடித்தார்கள். சுரங்கத்துக்குள் டார்ச் இல்லாமல் நடந்து பாருங்கள், மறுபக்கம் ஒற்றையடிப் பாதைதான்.

செரோக்கிகளை நேராக அடித்தது இன்னொரு டி.வி.ஏ. அணை, டென்னசியில் இருக்கும் டெலிக்கோ. அது லிட்டில் டென்னசி ஆற்றை மறித்தது. அந்தக் கரையில்தான் ஒரு காலத்தில் தலைநகராக இருந்த சோட்டா, மாநிலத்துக்கே பெயர் தந்த டனாசி, சிக்வோயா பிறந்த டஸ்கீகி எல்லாம் இருந்தன. ஸ்நெய்ல் டார்ட்டர் என்ற, அழியும் நிலையிலிருந்த மூன்று அங்குல மீனுக்காக 1978இல் உச்ச நீதிமன்றம் அணையை நிறுத்தியதே, அந்த வழக்கு உலகப் பிரசித்தம். விதிவிலக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க அமைத்த குழுவும், இது பொருளாதார ரீதியாகவே பிரயோஜனமில்லாத அணை என்று ஒருமனதாக மறுத்தது. அப்புறம் 1979இல் நிதி மசோதா ஒன்றில் ஒரு வரியைச் செருகி, எந்தச் சட்டமும் இந்த அணையைத் தடுக்காது என்று நிறைவேற்றிவிட்டார்கள். மூதாதையர் புதைந்த, மருந்து பறிக்கும் இடம் என்று செரோக்கிகள் போட்ட வழக்கு தள்ளுபடி. நவம்பர் 29 அன்று மதகை மூடினார்கள். மீனுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சோட்டாவுக்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆற்றாமை. இன்று அங்கே ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மண்திட்டில் எட்டுத் தூண்கள் நிற்கின்றன, ஏழு குலங்களுக்கு ஏழும் தேசத்துக்கு ஒன்றும். அதுவும் சிக்வோயா அருங்காட்சியக இடமுமாகச் சேர்த்து 76 ஏக்கரைக் கிழக்குக் குழுவுக்கே திருப்பித் தரும் சட்டத்தில் 2023 ஜனவரியில் கையெழுத்தானது.

சமீப காலத்தில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. பள்ளி கட்டச் சமவெளி வேண்டும் என்று கேட்டு, 2003இல் பூங்காவிலிருந்து 143 ஏக்கரைக் குழு பெற்றது, பதிலுக்குப் பார்க்வே ஓரம் 218 ஏக்கர் கொடுத்தது. 1997இல் வந்த கசினோவின் லாபத்தில் பாதி உறுப்பினர்களுக்குப் பங்காக வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறது. அந்தப் பணம் வர ஆரம்பித்த பிறகு, வறுமையிலிருந்து மேலே வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டு நடத்தை குறைந்தது என்று ட்யூக் பல்கலைக்கழகத்து ஆய்வு 2003இல் காட்டியது. அந்த ஆய்வு கசினோவுக்கு முன்பே, 1993இல், வேறு காரணத்துக்காகத் தொடங்கியது. நடுவில் கசினோ வந்ததால் இயற்கையாகவே ஒரு பரிசோதனையாக அமைந்துவிட்டது. 2024இல் கஞ்சாக் கடையும் திறந்தார்கள். சுற்றியுள்ள மாநிலத்தில் அது குற்றம், எல்லைக் கோட்டைத் தாண்டினால் கடை.

எனக்கு இதிலெல்லாம் பிடித்தது ஒரு கீரை. சோச்சான் என்பார்கள். ஆற்றோரம் வளரும் மஞ்சள் பூச்செடி, இளவேனில் தொடக்கத்தில் தரையை ஒட்டிக் கொத்தாக இலை விடும்போது பறிக்க வேண்டும். பறித்து அலசி, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். லேசான கசப்பு, செலரி வாசனை, சோள ரொட்டியோடு சாப்பிட்டால் அமிர்தம். பூங்கா வந்த பிறகு இதைப் பறிப்பது குற்றமாயிற்று. டூரிஸ்ட் பெர்ரிப் பழம் பறித்துத் தின்னலாம், பாட்டி பறித்த இடத்தில் பேத்தி கீரை பறித்தால் அபராதம். 2019இல் பூங்காவும் குழுவும் ஒப்பந்தம் போட்டு, வருஷத்துக்கு 36 பேர் அனுமதிச் சீட்டோடு பறிக்கலாம் என்றாக்கினார்கள். கீரைக்கும் வாஷிங்டனின் சீட்டு வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ளலாம், சலித்துக்கொள்கிறார்கள். பறிக்கவும் செய்கிறார்கள்.

அடுத்த தடவை போகும்போது இரண்டு விஷயம். நீங்கள் 'கிளிங்மன்ஸ் டோம்' என்று தேடிப் போன 6,643 அடி உச்சிக்கு 2024 செப்டம்பர் 18 முதல் பழைய செரோக்கிப் பெயரே அதிகாரப்பூர்வம்: குவோஹி, மல்பெரி இருக்கும் இடம். துரத்தல் காலத்தில் ஒளிந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த மலை. செரோக்கிப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் வந்து பார்க்க வருஷத்தில் மூன்று தடவை அரைநாள் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள், முன்கூட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அப்படி மூடியிருந்தால், கீழே இறங்கி 19ஆம் நம்பர் சாலையில் ப்ரைசன் சிட்டி பக்கம் வண்டியைத் திருப்புங்கள். வழியில் ஆற்றோரம் ஒரு பெரிய வயல்வெளி வரும். வெகுகாலம் தனியார் பண்ணை, சின்ன விமானங்கள் இறங்கும் தரையாகவும் இருந்தது. 1996இல் குழு அந்த 309 ஏக்கரை விலைக்கு வாங்கியது. நடுவில் மண்மேடு இருக்கிறது, பல தலைமுறை உழுததில் ஐந்தடி போலத்தான் மிஞ்சியிருக்கிறது, தெரியாதவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். அதுதான் கிடூவா. மேட்டின்மேல் மட்டும் ஏறாதீர்கள்.